துரை வாயடைத்துப்போன காலை

"மை கம்ப்யூட்டர்" என்றான் துரை, "ரீசைக்கிள் பின்" என்றான், மூன்றாவது தட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. சகாயமேரி கீழ் அம்புக்குறியை இன்னொரு தரம் தட்டினாள், ம்ஹூம், இன்னொரு தரம், ம்ஹூம். ஹெட்போனைக் கழற்றி ஊதினாள், வயரைத் திருகினாள், திரும்ப மாட்டினாள். சின்ன இரைச்சல்கூட இல்லை. துரை என்றால் ஆள் யாருமில்லை. திரையில் என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் கண் தெரியாதவர்களுக்காக வாய்விட்டுப் படிக்கிற சாஃப்ட்வேர்தான். மூக்கால் இங்கிலீஷ் பேசுகிறானே என்று மேரி வைத்த பெயர் துரை, அது ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷத்தில் அவன் ஒரு நாள் லீவு போட்டதில்லை. ஜலதோஷம் கிடையாது, சிடுசிடுப்பு கிடையாது, வேகத்தைக் கூட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தகரத்தில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி கேட்கும், அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும். இன்றைக்குப் பார்த்தா வாயடைக்க வேண்டும்? வேறு நாளே கிடைக்கவில்லையா இந்த மூதேவிக்கு? பதினோரு மணிக்கு ஏ.ஓ. வருகிறார், நிர்வாக அதிகாரி தாமோதரன் சார், நேரில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்க்கப் போகிறார். கண் தெரிகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் நின்றது என்றாவது தெரியும், படம் அப்படியே உறைந்து நிற்கும் என்பார்கள். மேரிக்கு அப்படி இல்லை. மேஜை இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, காலடியில் கம்ப்யூட்டர் பெட்டியின் ஃபேன் ஓடுகிறது, ஆனால் மூன்று வருஷமாகப் போய்வந்த வீட்டின் கதவு மட்டும் இருந்த இடத்தில் இல்லை. பட்டனை அமுக்கி அணைத்தாள், முப்பது எண்ணினாள், திரும்பப் போட்டாள். துரை எழுந்தான், குட்மார்னிங் சொன்னான். மை கம்ப்யூட்டர். ரீசைக்கிள் பின். அவ்வளவுதான், பொத்தென்று போய்விட்டான். மாதாவே, நான் என்ன தப்பு பண்ணினேன் என்று கேட்டுக்கொண்டாள், ஏதாவது உடைந்தால் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவாள், சின்ன வயசிலிருந்து அப்படித்தான், அண்ணன் வீட்டில் டம்ளர் விழுகிற சத்தம் கேட்டால் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் நான் இல்லை என்று சொல்லத் தோன்றும்.

டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு பண்ணிக் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரிகளைக் கேட்டு டைப் அடிப்பதுதான் இந்த முதல் மாடி அறையில் வேலை. இரண்டு பேர், சகாயமேரியும் சித்ரகலா அக்காவும், இரண்டு பேருமே காண்ட்ராக்ட். இந்த மாசத்தோடு காண்ட்ராக்ட் முடிகிறது, ஒரே ஒரு இடத்தை நிரந்தரம் ஆக்கப் போகிறார்கள், வேகமும் சுத்தமும் மேரிக்குத்தான் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஏ.ஓ.வுக்கு மட்டும் ஒரு சந்தேகம், அந்தப் பேசுகிற சாஃப்ட்வேரால் ஆஸ்பத்திரி சிஸ்டத்துக்குத் தொந்தரவு வருமா என்று. அதற்குத்தான் இன்றைய பரீட்சை. தேறினால் வேலை. தேறாவிட்டால் மேலப்புதூர் ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டு மணப்பாறையில் அண்ணன் வீட்டுப் பின்னறை, அங்கே அண்ணி தட்டை முன்னால் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் போய்விடுவாள், சாப்பாடு வந்திருக்கிறது என்பதை வாசனையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேண்டாம். அதை நினைக்கவே வேண்டாம். மூன்றாவது தடவை விழுந்ததும் சித்ரகலா எழுந்து வந்து தோளில் கை வைத்தாள். "பதறாதடி மேரி. நான் நிஜாம் அண்ணனை வரச் சொல்லிட்டு அப்படியே வார்டுல டேப் வாங்கிட்டு வந்துடுறேன்." கை சூடாக, கனமாக, வழக்கம்போல இருந்தது. "அட்டெண்டன்ஸ் எடுத்தியா?" என்று கேட்டாள். "எடுக்கும்போதுதான்க்கா விழுந்துச்சு." அட்டெண்டன்ஸ் என்பது இவர்களுக்குள் நடக்கிற கேலி. மற்றவர்கள் வந்ததும் வேண்டியதைத் தொட்டுத் திறந்து வேலையை ஆரம்பித்துவிடுவார்கள், மேரி அப்படிச் செய்யமாட்டாள். காலையில் வந்ததும் திரையில் உள்ள படங்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தட்டித் துரை வாயால் பெயர் கேட்டு, பதினாறும் இருக்கிறது, எதையும் எவரும் நகர்த்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவாள். டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா என்று சித்ரகலா தினமும் கேட்பாள். இந்த ஆஸ்பத்திரியில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் அவள்தான்.

நிஜாமுதீன் வந்தார். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர், நடக்கும்போது இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கும், பக்கத்தில் வந்தால் அத்தர் வாசனை. மேரி வேலை செய்யும்போது மானிட்டரைப் போடுவதே இல்லை, எதற்குக் கரண்டை வீணாக்க வேண்டும், அவர்தான் போட்டுக்கொண்டார். கிளிக், கிளிக், கிளிக். "எல்லாம் திறக்குதேம்மா." "இல்லண்ணே, விழுது." "இதோ, நான் தொடுறேன், நல்லாத்தான் இருக்கு. சரி, நீ பண்ணு." அவள் பண்ணினாள். விழுந்தது. "அட!" என்றார். திரும்ப எழுப்பினார், அவர் தொட்டால் நிற்கிறது, அவள் தட்டினால் விழுகிறது, என்ன கூத்து இது என்று அவருக்கே ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கீபோர்டு சத்தம் மட்டும். அந்தப் பத்து நிமிஷமும் மேரி தன் முழங்காலில் விரல்களை வைத்து டைப் அடித்துக்கொண்டே இருந்தாள், என்ன அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது, நோயாளி நாற்பத்தைந்து வயது ஆண், நெஞ்சு வலியுடன் அனுமதிக்கப்பட்டார், நோயாளி நலமுடன் வீடு திரும்பினார், நோயாளி நலமுடன், நலமுடன். அப்புறம் நிஜாம் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, குரலை இறக்கி, "இது தானா வந்தது இல்ல தங்கச்சி" என்றார். "யாரோ கைவரிசை காட்டியிருக்காங்க. மூணாவதா ஒரு ஷார்ட்கட் இருக்கு, நியூ ஃபோல்டர்னு பேரு போட்டு." ஷார்ட்கட் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் அவர் சொன்னார்: அது சாமான் இல்லை, சாமான் எந்த அறையில் இருக்கிறது என்று எழுதி வைத்த துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டுக்குள் இது என்ன ஏது என்று விளக்கம் எழுத ஒரு வரி உண்டு. யாரும் அதைப் பார்ப்பதில்லை. "அந்த வரிக்குள்ள யாரோ வேணும்னே கன்னாபின்னான்னு திணிச்சு வெச்சிருக்காங்க. எங்களுக்கு அது வெறும் படம், பார்த்தா ஒண்ணும் ஆகாது. உன் துரை இருக்கானே, அவன்தான் உள்ள என்ன எழுதியிருக்குன்னு கேட்டுப் படிக்கப் போறான். போனதும் தொண்டையில மாட்டிக்குது, சிஸ்டத்தையே இழுத்துக்கிட்டு விழுறான். வேற யாரு உக்காந்தாலும் இது விழாதும்மா. உனக்குன்னே வெச்சிருக்கு."

உனக்குன்னே வெச்சிருக்கு. உனக்கு என்றே. மேரிக்கு முதலில் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, எனக்கு என்று தனியாக ஒருத்தர் மெனக்கெட்டு ஒன்றைச் செய்திருக்கிறாரா என்று. அப்புறம் காது அடைத்தது. அப்புறம் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி இருந்தது, அந்த உணர்ச்சி அவளுக்குப் பழக்கம்தான், ஆனால் எப்போதும் காலில்தான் வரும், உட்கார்ந்த இடத்தில் வந்ததில்லை. "எப்பண்ணே வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள், குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நேத்து சாயங்காலம். நாலு அம்பத்திரண்டு. பென் டிரைவ்லேர்ந்து கொண்டாந்து போட்டிருக்காங்க. விஷயம் தெரிஞ்ச எவனோ செஞ்சு குடுத்திருக்கணும்." நாலு ஐம்பத்திரண்டு. நேற்று சாயங்காலம் நாலே முக்காலுக்கு இரண்டு பேரும் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள், சித்ரகலாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மேரி லிஃப்டில் இறங்கினாள், கீழே இறங்கியதும் சித்ரகலா நின்றாள். அய்யய்யோ டிபன் பாக்ஸை வெச்சிட்டு வந்துட்டேன்டி, இங்கயே நில்லு, ரெண்டே நிமிஷம். மேரி நின்றாள். மருந்துக் கவுண்டர் பக்கம், சுவரில் முதுகை வைத்து. பினாயில் நெடி. டோக்கன் நூற்றுப் பதினேழு, டோக்கன் நூற்றுப் பதினெட்டு. ஒரு குழந்தை ஊசி வேண்டாம் ஊசி வேண்டாம் என்று ஒரே ராகத்தில் அழுதுகொண்டிருந்தது. ஐந்து மணி பஸ் போய்விடுமே என்று கைக்கடிகாரத்தை அமுக்கினாள், அது பேசும் கடிகாரம், நாலு ஐம்பத்தொன்று என்றது. அவள் அமுக்கியது நாலு ஐம்பத்தொன்றுக்கு. அடுத்த நிமிஷம் மேலே. அடுத்த நிமிஷம். இல்லை, இரு, அவசரப்படாதே மேரி, சாவி இன்னொன்று செக்யூரிட்டியிடம் இருக்கிறது, கூட்டுகிற அம்மா வருவாள், கூட்டுகிற அம்மாவுக்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்று தெரியுமா, தெரியாது என்று நீயே முடிவு பண்ணிவிடுவாயா, தெரிந்தாலும் தெரியலாம், அவள் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறானாமே. ஆனால் கூட்டுகிற அம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் தெரியுமா? மேலிருந்து மூன்றாவதாக வைக்கத் தோன்றுமா? சித்ரகலா திரும்பி வந்து கையைப் பிடித்தபோது உள்ளங்கை நனைந்திருந்தது. என்னக்கா ஈரம் என்றதற்குக் கை கழுவினேன்டி என்றாள். கழுவின கை சில்லென்று அல்லவா இருக்கும். அது சுடச்சுட இருந்தது.

அவளாகவே இருக்கட்டும், ஒரு பேச்சுக்கு, ஒரு பேச்சுக்குத்தான். அப்படியானால் நீலம்? போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவை நீலம் என்றாளே, உன் நிறத்துக்கு எடுப்பா இருக்குடி என்று கடைக்காரன் முன்னால் சொன்னாளே, அது நீலம்தானா? நீலம் என்றால் எப்படி இருக்கும் என்று மேரிக்குத் தெரியாது, இரண்டு வயசில் அம்மை போட்டுப் போன கண், எந்த நிறமும் ஞாபகத்தில் இல்லை. ஆனால் நீலம் என்று ஒருத்தி சொன்னால் அது நீலம், அதைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. சொல்லமாட்டார்கள், பாவம் கண் தெரியாத பொண்ணு எதையோ கட்டிட்டு வந்திருக்கு என்று பேசாமல் போய்விடுவார்கள். சீ, என்ன புத்தி இது. நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் எழுதியது யார்? சித்ரகலாதான். பேரு, ஊரு, படிப்பு, வருஷம், எல்லாம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினாள், கடைசியில் மேரியின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் காகிதத்தின் மேல் வைத்து, இங்க போடு கையெழுத்தை என்றாள், போட்டாள். எதன்மேல் போட்டாள்? அவள் சொன்னதைத்தான் எழுதினாளா, எழுதினதைத்தான் சொன்னாளா? பேங்கில் ஒரு தடவை, ஹாஸ்டல் பாரத்தில் ஒரு தடவை, ரேஷன் கார்டு திருத்தத்துக்கு ஒரு தடவை. பஸ் நம்பர் சொன்னாள், மேரி ஏறினாள். குழம்பில் கரப்பான் விழுந்திருக்கு சாப்பிடாதே என்றாள், கொட்டினாள். ஏ.ஓ. உன்னைப் பார்த்துச் சிரிச்சாருடி, நல்ல மனுஷன்தான் என்றாள், அந்தச் சிரிப்பை நம்பி மேரி மூன்று நாள் சந்தோஷமாக இருந்தாள். அவர் சிரித்தாரா? நீ சிரிச்சா கன்னத்துல குழி விழுது என்றாளே, குழி விழுகிறதா? மேரி தன்னை அறியாமல் கன்னத்தைத் தொட்டுச் சிரித்துப் பார்த்தாள், வாய் கோணியது, குழி எதுவும் தட்டுப்படவில்லை, நிஜமாகச் சிரித்தால்தான் விழும் போலிருக்கிறது. உலகத்தில் பாதியை அவள் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டாள், மீதிப் பாதியைச் சித்ரகலா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அந்தப் பாதியை இப்போது எங்கே கொண்டுபோய்ச் சரிபார்ப்பது? "என்னம்மா, தண்ணி வேணுமா? முகம் வெளுத்துப் போச்சு" என்றார் நிஜாம். வெளுத்துப்போச்சு என்கிறார். சரி. அப்படியென்றால் வெளுத்திருக்கிறது. அதையும் நம்பத்தானே வேண்டும்.

ஆனால் டைபாய்டு வந்தபோது? எட்டு நாள் ஹாஸ்டலில் கிடந்தாளே, உறையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ரசம் சாதத்தைக் கரைத்து ஸ்பூனால் ஊட்டியது யார், வாந்தியை வழித்துப் போட்டது யார், கூடப்பிறந்த அண்ணன் போனோடு நிறுத்திக்கொண்டான். அது பொய்யாக இருக்க முடியாது. வாந்தியைப் பொய்யாக வழித்துப் போட முடியாது. அந்தக் கையும் இந்தக் கையும் ஒரே கையா? சித்ரகலாவுக்கு முப்பத்தேழு வயசு. வீட்டுக்காரர் திருப்பூர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, போன் எடுப்பதில்லை, மகள் பத்தாவது. இங்கே விட்டால் அவளுக்கு வேறு எங்கே கிடைக்கும், எல்லா இடத்திலும் சின்னப் பிள்ளைகளைத்தான் எடுக்கிறார்கள். யாருக்குக் கிடைச்சாலும் இன்னொருத்திக்குப் பிரியாணி வாங்கித் தரணும்டி என்று போன வாரம்கூடச் சொல்லிச் சிரித்தாள், மேரியும் சிரித்தாள், இரண்டு பேரில் ஒருத்தி சோற்றுக்கு இல்லாமல் போவாள் என்பதை அந்தச் சிரிப்புக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். கேட்டிருந்தால்? அக்கா, எனக்கு வேண்டாம் நீங்க வெச்சுக்குங்க என்று மேரி சொல்லியிருப்பாளா? மாட்டாள். பின்னறை ஞாபகம் வந்தால் மாட்டாள். சரி, மாட்டாள்தான், ஆனால் குழி வெட்டியிருக்கமாட்டாளே. அதுவும் எப்பேர்ப்பட்ட குழி. துரை பேசுவது புரியவேண்டும் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஆறு மாசம் கற்றுக்கொண்டாள் சித்ரகலா, எப்படித்தான் நீ இதுல ஓட்டுறியோ என்று வியந்து வியந்து கற்றுக்கொண்டாள், எனக்காக ஒருத்தி கண்ணை மூடிக்கொள்கிறாளே என்று அப்போது மேரி நினைத்துக்கொண்டாள். மேரியின் காலடி விழுகிற ஒவ்வொரு இடமும் தெரிந்தவள்தான் மூன்றாவது அடியில் பள்ளம் வைக்க முடியும். "அந்த ஃபைலை எடுத்துட்டேன்" என்றார் நிஜாம், மானிட்டரை அணைக்கிற சத்தம் கேட்டது. "ஒரு காப்பி எங்கிட்ட இருக்கு. இப்ப ஓட்டிப் பாரு." ஓட்டினாள். மை கம்ப்யூட்டர், ரீசைக்கிள் பின், நெட்வொர்க், சம்மரி, பதினாறும் வரிசையாக வந்தன, துரை பழையபடி மூக்கால் பேசினான். "யாரு மேலயாவது சந்தேகம் இருக்காம்மா? சொல்லு, ஏ.ஓ.கிட்ட நான் பேசுறேன்." மேரி வாயைத் திறந்தாள். நாலு ஐம்பத்தொன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "இல்லண்ணே" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயமாக இருக்கும்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏ.ஓ.வின் பூட்ஸ் சத்தம் வந்தது, அதோடு சேர்ந்து சித்ரகலாவின் செருப்புச் சத்தமும் வந்தது, வாசலிலேயே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். "சார், காலையிலேர்ந்து மூணு தடவை சிஸ்டம் விழுந்துடுச்சு சார். பாவம் சார் மேரி, அது மேல தப்பே இல்ல, நல்லா வேலை பார்க்கிற பொண்ணு. அந்தப் பேசுற சாஃப்ட்வேர்தான் நம்ம சிஸ்டத்துக்கு ஒத்துக்கல." என்ன கனிவு குரலில்! அந்தக் கனிவில் ஒரு சொட்டு கலப்படம் இல்லை, அதுதான் மேரியின் மண்டையில் ஓங்கி அடித்தது, ரசம் ஊட்டிய அதே குரல், இம்மி பிசகவில்லை. "நான் பயந்தது சரியாப் போச்சு" என்றார் ஏ.ஓ. நிஜாம் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேரி எழுந்து நின்றாள், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "சார், நான் ஓட்டிக் காட்டுறேன். அதுக்கு முன்னாடி அக்கா ஒரு தடவை ஓட்டட்டும். துரை பேசுறது... சாஃப்ட்வேர் பேசுறது அவங்களுக்கும் புரியும் சார், என்னை மாதிரியே ஓட்டுவாங்க. சாஃப்ட்வேர்தான் காரணம்னா அவங்க ஓட்டினாலும் விழணும்ல." ஏ.ஓ. யோசித்தார். "அதுவும் சரிதான். உக்காருங்கம்மா." நாற்காலி கிறீச்சிட்டது, சித்ரகலா உட்கார்ந்தாள், வளையல் மேஜையில் இடித்தது. மேரி ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள், எல்லோருக்கும் கேட்கட்டும். மானிட்டர் அணைந்தே கிடந்தது. அங்கே இப்போது ஒன்றுமில்லை அக்கா, எடுத்தாகிவிட்டது, அது உங்களுக்குத் தெரியாது, தெரியாமலே தட்டுங்கள். ஒன்றுமே வைக்காத ஆளுக்குப் பயம் எதற்கு, டொக் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இறங்கிவிடுங்கள், நான் இவ்வளவு நேரம் நினைத்ததற்கெல்லாம் இன்றைக்கே கோயிலுக்குப் போய் மன்றாடுகிறேன், உங்கள் காலில் விழுகிறேன், பிரியாணி வாங்கித் தருகிறேன். டொக். "மை கம்ப்யூட்டர்" என்றான் துரை. டொக். "ரீசைக்கிள் பின்." அடுத்த தட்டு விழவில்லை. எத்தனையாவது தட்டில் விழுகிறது என்று மேரி அவளிடம் சொன்னதே இல்லை. ஃபேன் ஓடியது. கீழே எங்கேயோ டோக்கன் கூப்பிட்டார்கள். தட்டுங்கக்கா, தட்டுங்க, மாதாவே தட்ட வையுங்கள். "ம், மேல போங்கம்மா" என்றார் ஏ.ஓ. வளையல் ஒன்று நடுங்கிக்கொண்டே இருந்தது, மேரியின் காது அதை மட்டும் கேட்டது. சித்ரகலா அவள் பக்கம் திரும்பினாள், மூச்சுக்காற்று கன்னத்தில் பட்டது. "எனக்குக் கை வர மாட்டேங்குதுடி. நீயே தட்டிடேன் மேரி."

மேரி கையை நீட்டிக் கீபோர்டைத் தேடினாள். கீழ் அம்புக்குறியின் மேல், தொடாமல், அந்தரத்தில் நின்ற விரலில் அவள் விரல் பட்டது. உடனே அந்த விரல் விலகி வழி விட்டது. தட்டினாள். "நெட்வொர்க்" என்றான் துரை. பக்கத்தில் சித்ரகலா ஹக்கென்று மூச்சை உள்ளே இழுத்தது மேரிக்குக் கேட்டது, நிஜாமின் சாவிக்கொத்து அசையாமல் நின்றதிலிருந்து அவருக்கும் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது. ஏ.ஓ. மட்டும், "அட, நல்லாத்தானே போகுது, இதுக்கா இவ்வளவு பயந்தீங்க?" என்றார்.